பசை காய்ந்த விரல்கள்

புத்தகம் கட்டும் பைண்டர் வீட்டில் விடிந்ததும் எழும் முதல் கேள்வி பூனையின் மலத்தைப் பற்றியதாகவே இருக்கும். கேட்பவர் பைண்டர், பதில் சொல்பவள் அவர் மனைவி. பின்கட்டுக் கதவின் அருகே வைத்திருக்கும் மணல் தட்டின் முன் அவள் குந்தியிருப்பாள். அவர் பல் துலக்கியபடியே வாய் நிறைய நுரையோடு எட்டிப் பார்ப்பார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. கொஞ்சம் கெட்டிப்பட்ட மாதிரி இருக்கு."

"சளி?"

"இல்ல."

"ரத்தம் கித்தம்?"

"காலங்காத்தால நுரையும் வாயுமா நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியைப் பாரு! ஒண்ணும் இல்ல. போய்க் கொப்பளிச்சுட்டு வாங்க."

அப்படிப்பட்ட நாள் நல்ல நாள். இருவரும் தேநீரை ருசித்துக் குடிப்பார்கள். மலம் தண்ணீராகப் போயிருந்தாலோ, இரவில் எடுத்த மஞ்சள் வாந்தி தாள்கட்டின் ஓரத்தில் காய்ந்து கிடந்தாலோ, தேநீரும் ஆறிப்போகும், பேச்சும் ஆறிப்போகும்.

பூனையின் பெயர் மேஸ்திரி. சாம்பல் நிற உடம்பு. கழுத்தில் மட்டும் துண்டு போட்டாற்போல் ஒரு வெள்ளை. அச்சகத்து வண்டியிலிருந்து இறக்கிய தாள்கட்டின் இடுக்கில், உள்ளங்கை அளவுக் குட்டியாக வந்தவன். கண் திறந்து நடக்கத் தொடங்கிய நாள் முதல், மேசை மூலையில் உயர அடுக்கிய அட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இருவர் வேலையையும் பார்ப்பதே அவன் வேலையாகிவிட்டது. தாள் கோணலாக மடிந்தால் கண்ணைச் சுருக்குவான். அட்டை சரியாக அமர்ந்தால் கொட்டாவி விடுவான். "மேஸ்திரி பாத்துக்கிட்டிருக்காரு, ஒழுங்கா மடி" என்று பைண்டர் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னது பெயராகவே ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டின் முன்னறைதான் தொழிற்கூடம். வேலையில் பங்கு பிரித்திருந்தார்கள். தாளை மடிப்பதும், மடித்ததை வரிசையாக அடுக்குவதும், முதுகில் ஊசி ஏற்றித் தைப்பதும் அவளுடையவை. அட்டை வெட்டுவதும், துணி ஒட்டுவதும், இரும்பு அழுத்துப்பொறியைத் திருகி இறுக்குவதும் அவருடையவை. பசை முழுக்க முழுக்க அவருடைய ஆட்சி. அந்தப் பக்கம் அவள் எட்டியும் பாராள். பசைபட்ட கையால் தைத்தால் நூல் ஒட்டும், தாள் கறைபடும். ஆகவே தைக்கிற கை பசையைத் தொடக் கூடாது என்பது தொழிலின் முறை. திருமணமாகி வந்த நாள் தொட்டு அவள் அதை மீறியதில்லை.

பசை காய்ச்சுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் ஏற்றுவார். மாட்டுத்தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தை முன்னமே ஊறப்போட்டு உருக்கி, அதில் சேர்ப்பார். வீடு முழுவதும் ஒருவிதமான ஊன் வாடை எழும். இறக்குவதற்கு முன் மயில்துத்தம் ஒரு சிட்டிகை. அது சேராத பசை இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூஞ்சை பூக்கும். சேர்ந்த பசையால் ஒட்டிய புத்தகத்தைப் பூச்சி அண்டாது. நூலகத்துப் புத்தகங்களும் கல்லூரி ஆய்வேடுகளும் அவரைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் நம்பினார். மயில்துத்தம் கொடிய நஞ்சு என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அந்த நீலப் பொடியைப் புட்டியில் இட்டு, புட்டியைத் தகர டப்பாவில் இட்டு, டப்பாவை எந்தப் பூனையும் தாவ முடியாத மேல்தட்டில் வைத்திருந்தார். "பூனை இருக்குற வீடு. நாமதான் சூதானமா இருக்கணும்" என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரியின் குடல் வியாதி குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. கொஞ்ச நாள் பேதி, கொஞ்ச நாள் கட்டு, இடையிடையே வாந்தி. பெரிய சாலையில், வண்டி நிறுத்தும் கொட்டகையைத் தடுத்து மருத்துவமனையாக்கிக்கொண்ட டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மேஸ்திரி எதைத் தின்ன வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார் என்று சொல்லலாம். முதலில் பாலை நிறுத்தச் சொன்னார். பிறகு மீனை நிறுத்தச் சொன்னார். பிறகு கடையில் விற்கும் உருண்டைத் தீனியை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லி, அதையும் நிறுத்தச் சொன்னார். கடைசியில், உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும், மசித்த பூசணியும், கசக்கும் ஒரு மருந்துத் தூளும் மட்டுமே மிஞ்சின.

அந்தப் பத்தியத்தை அவள் ஒரு தவம்போல் காத்தாள். கறியை நார்நாராகப் பிய்த்து, எலும்புத் துணுக்கு எதுவும் இருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்த்து, வெந்த நீரை ஊற்றிக் குழைத்து, கைச்சூட்டுக்கு ஆறவைத்து வைப்பாள். மருந்து வேளையில் அவனைத் துண்டால் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு, ஊசி கழற்றிய குழலைக் கடைவாயில் செருகுவாள். அவன் பாதியைத் துப்புவான். மீதியை விழுங்கிவிட்டு அவள் முழங்கையைப் பிறாண்டிவிட்டு ஓடுவான். அந்த வேளையில் பைண்டருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நூல் வாங்கணும்."

"நேத்துதானே வாங்கினீங்க?"

"அது வெள்ளை நூல்."

"அவன் காலைப் பிடிச்சுக்கக் கூப்பிடுவேன்னு பயம். அதைச் சொல்லுங்க."

"அவன் கத்துறதை என்னால பாக்க முடியலை. நீ மனசு கல்லு. உன்னால முடியுது."

"ஆமா, கல்லுதான். மருந்து குடுக்குறவ கல்லு, கொஞ்சுறவர் வெண்ணெய்!"

வேடிக்கைபோல்தான் சொல்வாள், ஆனால் அந்த வேடிக்கைக்கு அடியில் ஒரு முள் இருந்தது. மருந்துக் குழலோடு நிற்கும் அவள் நிழல் விழுந்தாலே மேஸ்திரி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். அவள் மடியில் அவன் தானாக வந்து படுத்ததில்லை. பின்பக்கத்தைத் துடைத்துவிட்டவளும், வாந்தியை வழித்தவளும், அவனுக்காக உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாமல் தங்கியவளும் அவள். ஆனால் மாலையில் விளக்குப் போட்டதும் அவன் தேடிப் போவது பைண்டரின் நாற்காலியை.

பைண்டருக்கு வேலை முடிந்ததும் கை கழுவும் வழக்கம் கிடையாது. பசை தோலில் காய்ந்து, வெள்ளைச் சட்டைபோல் விரல்களை மூடியிருக்கும். அதை மெல்ல உரித்தெடுப்பதில் அவருக்கு ஒரு சுகம். நாற்காலியில் சாய்ந்து வலக்கையைக் கீழே தொங்கவிடுவார். மேஸ்திரி வருவான். முன்னங்கால்களால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, ஒவ்வொரு விரலாக, நகக்கண் விடாமல் நக்குவான். அந்தச் சொரசொரப்பான சத்தம் தைத்துக்கொண்டிருக்கும் அவள் காதுவரை கேட்கும்.

"பாத்தியா? சோப்புச் செலவு மிச்சம். என் மேஸ்திரி கையைக் கழுவிவிட்டுட்டான்."

"ரொம்பப் பீத்திக்காதீங்க."

"உனக்குப் பொறாமை."

"எனக்கென்ன பொறாமை? நக்கினா நக்கட்டும்."

பொறாமைதான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை, அவ்வளவே. பைண்டரின் வாழ்க்கையில் அதைப்போல் அவரைத் தேடி வந்த உயிர் வேறில்லை என்பதையும் அவள் அறிவாள். அவர் அதிகம் பேசாதவர். சபையில் சிரிக்கத் தெரியாதவர். சொந்தத் தம்பி வீட்டிலேயே வாசற்பக்கம் உட்கார்ந்து எழுந்து வருகிறவர். அந்தக் கை மாலையில் தொங்கும்போது அவர் முகத்தில் படியும் அமைதியை அவள் வேறு எப்போதும் கண்டதில்லை. அந்த அமைதிக்காகவே அவள் பொறாமையை மன்னித்துவந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது பைண்டரின் தங்கை கணவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. துணைக்கு ஆண் வேண்டும் என்று தங்கை அழைக்க, அவர் வேலையைப் போட்டுவிட்டுப் புறப்பட்டார். போகும்போது மேஸ்திரியிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்.

அவர் போன சில நாட்களிலேயே மேஸ்திரியின் வயிறு திருந்தத் தொடங்கியது. முதலில் வாந்தி நின்றது. பிறகு மலம் கெட்டிப்பட்டது. ஒருநாள் காலையில் அவன் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று அவள் காலைச் சுற்றினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் தொலைபேசியில் அழைத்தபோது, கேட்டதற்கு விடை சொல்லாமல் இதைத்தான் முதலில் சொன்னாள்.

"கட்டிக் கட்டியா போறான்!"

"அண்ணி, நான் என் வீட்டுக்காரர் தையல் பிரிச்சதைச் சொல்லக் கூப்பிட்டேன்."

"அதான் நல்லா இருக்காருன்னு உங்க அண்ணன் சொல்லிட்டாரே."

"கிழிஞ்சுது! என் வீட்டுக்காரருக்கு நான் இப்படி ஒரு பத்தியம் பாத்ததில்ல. அடுத்த பிறவியில உங்க வீட்டுப் பூனையாப் பொறக்கச் சொல்றேன் அவரை."

பைண்டர் திரும்பி வந்தார். மேஸ்திரியின் தேறிய உடம்பைத் தூக்கி எடை பார்த்துச் சிரித்தார். தேங்கிக் கிடந்த ஆய்வேடுகளுக்காக அன்றே பசை காய்ச்சினார். மாலையில் கை தொங்கியது, மேஸ்திரி வந்தான். அந்த வாரம் முடிவதற்குள் மணல் தட்டு மறுபடியும் பழைய கதையைச் சொல்லத் தொடங்கியது.

அவள் யோசித்தாள். அவர் இல்லாதபோது நன்றாக இருந்தவன், அவர் வந்ததும் படுக்கிறான் என்றால் அதற்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். தட்டை அவர் முன் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன குடுத்தீங்க?"

"எதை?"

"என் கண்ணுல படாம அவனுக்கு என்ன குடுத்தீங்கன்னு கேக்குறேன். டீக்கடையிலேருந்து பன்னா, பிஸ்கெட்டா?"

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நான் எதுக்குக் குடுக்கப்போறேன்?"

"பாவமா இருக்கும். மனசு வெண்ணெய் ஆச்சே! நீங்க இல்லாதப்போ அவன் எப்படி இருந்தான் தெரியுமா? பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க."

"அப்போ நான் வந்ததுதான் தப்பா? போயிடவா?"

"பேச்சை மாத்தாதீங்க. நான் ராவும் பகலும் பாத்துப் பாத்துச் செய்யறதை நீங்க ஒரு துண்டு பிஸ்கெட்டுல கவுத்துடுறீங்க. நல்ல பேரு உங்களுக்கு, பிறாண்டல் எனக்கு."

பைண்டரின் முகம் கறுத்தது. கோபம் வந்தால் கத்துபவரல்லர், குரல் இறங்கிவிடும். மேசை மூலையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் அருகே போய், அவன் தலைமேல் கை வைத்தார்.

"இவன் தலைமேல சத்தியம். இந்தக் கையால நான் இவனுக்குத் திங்க ஒண்ணும் குடுத்ததில்ல. ஒரு பருக்கை குடுத்ததில்ல. போதுமா?"

மேஸ்திரி தலையை மெல்ல நிமிர்த்தினான். சத்தியம் செய்த அந்தக் கையைத் திருப்பிப் பிடித்து, நக்கத் தொடங்கினான்.

அவள் மணல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பொய் சொல்பவரல்லர் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அடங்கவில்லை. இருவரும் சில நாட்கள் வேலைப் பேச்சு மட்டுமே பேசினார்கள். "நூல் அறுந்துடுச்சு", "அட்டை காயலை" என்பதற்கு மேல் பேச்சில்லை.

மழை விடாமல் பெய்தது. ஒட்டிய அட்டை எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை. அந்த ஈரத்தில் பைண்டர் காய்ச்சலில் விழுந்தார். கல்லூரி ஆய்வேடுகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். அட்டையெல்லாம் வெட்டித் தயாராக இருந்தது, ஒட்டுவதுதான் பாக்கி. உள்ளறைக் கட்டிலில் போர்த்திக்கொண்டு அவர் முனகினார்.

"நாலு நாள் தவணை கேளு."

"ஏற்கெனவே கேட்ட தவணைதான் இது. நான் ஒட்டுறேன். எப்படிக் காய்ச்சணும்னு மட்டும் சொல்லுங்க."

"நீயா? தைக்கிற கை…"

"தையலெல்லாம் முடிஞ்சுது. சொல்லுங்க."

அவர் படுத்தபடியே சொல்ல, அவள் கரைத்தாள், கிண்டினாள், வச்சிரத்தை ஊற்றினாள். முக்காலி போட்டு ஏறி மேல்தட்டுத் தகர டப்பாவை இறக்கி, நீலப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். "கையைத் தொடைச்சுக்கோ. விஷம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. துடைத்துக்கொண்டாள். பிறகு பகலெல்லாம் துணி ஒட்டினாள். அவருக்கு இருந்த கைத்திறன் அவளுக்கு ஏது? மணிக்கட்டுவரை பசையாக்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்தபோது கடைசி அட்டையையும் அழுத்துப்பொறியில் வைத்து இறுக்கிவிட்டு, அவருடைய நாற்காலியிலேயே அசந்து உட்கார்ந்தாள். கை தானாகக் கீழே தொங்கியது.

ஏதோ சூடாக மணிக்கட்டைப் பற்றியது.

குனிந்து பார்த்தாள். மேஸ்திரி. முன்னங்கால்கள் இரண்டாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, அவள் ஆள்காட்டி விரலை நக்கினான். பிறகு நடுவிரலை. மோதிரம் அழுந்திய தழும்பில் நாக்குச் சுழன்றது. உப்புத்தாளைப் போன்ற அந்தச் சின்ன நாக்கின் சூட்டை அத்தனை வருடங்களில் முதன்முதலாக அவள் அறிந்தாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள்; அசைந்தால் ஓடிவிடுவானோ என்று பயம். நெஞ்சு பொங்கி, கண்ணில் நீர் வந்தது. கடைசியில் என்னையும் ஏற்றுக்கொண்டாயா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவருக்குச் சொல்ல வேண்டும்.

"என்னங்க, இங்க…"

"என்ன?" என்றார் உள்ளிருந்து.

விரலிலிருந்த வெள்ளைப் பசை நக்கிய இடத்தில் மறைந்து, தோல் தெரிந்தது. நக்காத விரல்களில் பசை காய்ந்திருந்தது. மேஸ்திரி தோலைவிட்டுப் பசைக்கு நகர்ந்தான். பசை தீர்ந்ததும் அடுத்த விரலுக்கு நகர்ந்தான்.

அவள் பார்வை மேல்தட்டில் இருந்த தகர டப்பாவுக்குப் போனது. மீண்டும் விரலுக்கு வந்தது. கையை உதறிப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். மேஸ்திரி திடுக்கிட்டுப் பின்வாங்கினான்.

"என்ன? கூப்பிட்டியே?"

"ஒண்ணுமில்ல. படுங்க."

கொல்லைக் குழாயடியில் நின்று, தோல் சிவக்கும்வரை கையைத் தேய்த்துக் கழுவினாள். மழை முதுகில் விழுந்துகொண்டிருந்தது. பூனை கறி தின்கிறதா, பால் குடிக்கிறதா என்று எத்தனை வருடம் காவல் காத்தோம்! பசையை யாரும் தின்பண்டமாக நினைத்ததில்லையே! அது சோறு போடும் தொழில். கையோடு ஒட்டிய தோல். நஞ்சை மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, அதே நஞ்சை நாள்தோறும் விரலில் பூசி நீட்டிய வீடு இதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஆய்வேடுகளைக் கொடுத்துவிட்டு, மேஸ்திரியைக் கூடையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷமா என்ன சாப்பிடுறான், என்ன சாப்பிடுறான்னு கேட்டேன். நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு நான் கேக்கவே இல்லையேம்மா."

"இனிமே தொட விடமாட்டேன் டாக்டர். இனிமே சரியாயிடுமில்ல?"

டாக்டரம்மா மேஸ்திரியின் உதட்டை விலக்கினார். ஈறு வெளுத்து மஞ்சள் ஓடியிருந்தது. காதின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார், அங்கும் மஞ்சள். இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது, அவர் சொல்வதற்கு முன்பே அவர் முகம் சொல்லிவிட்டது.

"கொஞ்சம் கொஞ்சமா ஈரல்ல சேர்ந்திருக்கும்மா. தாங்குற வரைக்கும் தாங்கியிருக்கு. மருந்து தரேன். ஆனா நீங்க ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. விளக்கமாச் சொல்றேன்."

"வேண்டாம் டாக்டர். அவர்கிட்ட சொல்லாதீங்க."

"தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"அவருக்கு இந்த ஒண்ணுதான் டாக்டர் இருக்கு. இவன் நக்குறது ஒண்ணுதான்." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. பசைக்காகத்தான் வந்தான் என்றும், அந்தப் பசைதான் அவனைக் கொல்கிறது என்றும் ஒரு மனிதனிடம் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து வேறு சொன்னாள். மேஸ்திரிக்கு ஏதோ தொற்று. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பைண்டர் தலையாட்டினார். காய்ச்சல் விட்டு எழுந்தவர் பசைப் பாத்திரத்தை எடுக்கப் போனபோது, "உங்க கை இன்னும் நடுங்குது. கொஞ்ச நாளைக்கு நானே காய்ச்சுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். தகர டப்பாவைத் துணியில் சுற்றி எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். மயில்துத்தமில்லாத பசையைக் காய்ச்சி வைத்தாள்.

அன்று மாலை பைண்டர் கழுவிய கையைத் துண்டால் துடைத்து, நாற்காலியில் சாய்ந்து, கீழே தொங்கவிட்டார். மேஸ்திரி வந்தான். அந்தக் கையை முகர்ந்தான். விரல் விரலாக முகர்ந்தான். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி நடந்து போனான்.

"ஏய், மேஸ்திரி! என்னடா?"

அவன் திரும்பவில்லை.

"உடம்பு முடியல அவனுக்கு. அதான்" என்றாள், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ம்."

மறுநாளும் கை தொங்கியது. அதற்கு மறுநாளும். சில நாள் அவன் வந்து முகர்ந்தான். பிறகு வரவும் இல்லை. பைண்டர் மட்டும் கையைத் தொங்கவிடுவதை நிறுத்தவில்லை. கூலிக்காரன் கதவடியில் காத்திருப்பதைப்போல் அந்தக் கை காத்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தையல் தவறியது.

மேஸ்திரி கறியைத் தொடவில்லை. பூசணியைத் தொடவில்லை. அவள் வெந்த நீரை மட்டும் குழலில் எடுத்துக் கடைவாயில் விட்டாள். அவன் துப்பவில்லை, பிறாண்டவும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. துண்டால் சுற்ற வேண்டிய தேவையே இல்லாமல் மடியில் கிடந்தான். மருந்து வேளையில் பைண்டர் இப்போது வெளியே போகவில்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து, கழுவிய கையால் அவன் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டிய அளவுக்கு அவற்றில் வலு இல்லை.

"பிறாண்டுடா," என்றார் ஒருநாள். "இவளை ஒரு பிறாண்டு பிறாண்டேன்டா. திட்டமாட்டா."

"திட்டமாட்டேன்," என்றாள் அவளும். "பிறாண்டு சாமி."

மழை விட்ட ஒரு பிற்பகலில் மேஸ்திரி போய்ச் சேர்ந்தான். அவள் மடியில்தான் தலை இருந்தது. ஜன்னல் வெயில் அவன் வெள்ளைக் கழுத்தில் விழுந்திருந்தது. ஒருமுறை உடம்பு நீண்டு, பிறகு தளர்ந்தது. பைண்டர் கொல்லையின் மதிலோரத்தில் குழி தோண்டினார். ஊறிய மண் லேசாக வந்தது. புத்தகங்களுக்கு ஒட்டும் சிவப்புத் துணியில் புதுத் துண்டு ஒன்றை வெட்டி, ஓரங்களைப் பிசிறில்லாமல் மடித்து, நல்ல புத்தகத்துக்கு உறை போடுவதைப்போல் அவனைச் சுற்றினார். மண்ணைத் தள்ளியபின் குழாயடியில் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தைக்க எடுத்த தாள்கள் மடியிலேயே இருந்தன. மேசையில் மேஸ்திரி உட்காரும் மூலையை இருவரும் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"பசை பூஞ்சை பூத்திருந்துது" என்றார்.

அவள் கை நின்றது. "எப்போ?"

"எனக்குக் காய்ச்சல் விட்டப்புறம் நீ முதல்ல காய்ச்சி வெச்ச பசையிலேயே. மூணாம் நாள் மூடியைத் திறந்தேன். பச்சையா மிதந்துது. வழிச்சுப் போட்டுட்டு ஒட்டினேன். எத்தனை வருஷமாப் பசை காய்ச்சுறேன். அதுல என்ன இல்லைன்னு எனக்குத் தெரியாதா? மேல பாத்தேன். டப்பாவும் இல்ல. நீ சோப்பு சோப்புன்னு உசிரை எடுத்ததும் அப்போதான் விளங்கிச்சு."

"அப்போவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியே."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் தம் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் தலைமேல் வைத்துச் சத்தியம் செய்த கை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"டப்பாவைக் கையில எடுத்தப்போ தோணிச்சு" என்றாள்.

"சரி. போனது போச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. தேத்துறதுக்காகச் சொல்லாதே." அவர் குரல் இறங்கிக் கரகரத்தது. "அவன் என் கையைத் தேடி வந்தானா, பசையைத் தேடி வந்தானா?"

அவள் வலக்கை விரல்களில் அந்தச் சின்ன நாக்கின் சூடு இன்னும் இருந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரத் தழும்பு. வாழ்நாளில் அவளுக்கென்று அவன் கொடுத்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"உங்க கையைத்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு ஒட்டினது யாரு? நான்தானே? மணிக்கட்டு வரைக்கும் பசை. இதே நாற்காலியில, இப்படித்தான் கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தான். மோந்து பாத்தான். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உங்க கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான்."

"நக்கலையா?"

"என் கையை அவன் என்னைக்கு நக்கியிருக்கான்?"

அவர் அவளையே பார்த்தார். "அன்னைக்கு நீ என்னைக் கூப்பிட்டியே. அப்புறம் ஒண்ணுமில்லைன்னியே."

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இத்தனை பசை பூசியும் உங்க மேஸ்திரி என்னை மதிக்கலைன்னு. அப்புறம் எனக்கே வெக்கமாயிடுச்சு."

"அப்போ கழுவின கைக்கு ஏன் வரலை?"

"சோப்பு நெடிங்க. நோயில கிடக்குற ஜீவன், அதுக்குத் தாங்குமா?"

பைண்டர் தம் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். பிறகு, நம்பினாரோ நம்ப முடிவு செய்தாரோ, மெல்லத் தலையசைத்தார். சாய்ந்து உட்கார்ந்து, வலக்கையை நாற்காலிக்குக் கீழே தொங்கவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு அடியிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்க அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.

அவள் தன் வலக்கை விரல்களை இடக்கைக்குள் மூடி, கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஊசியில் நூல் கோத்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.